ஓட்டுநர் இல்லா ஊர்தியும் ஐந்து புளியங்கொட்டைகளும்

(மூன்றாம் ஆண்டு, இளமறிவியல் – கணிதம்)

என் தந்தையார் அரசுப் பேருந்து ஓட்டுநர். 26 ஆண்டுகளாகத் தினமும் ஸ்டியரிங்கைப் பிடித்து வருபவர். ஒரு நாள் இரவுப் பணி முடிந்து வந்து, திண்ணையில் அமர்ந்து நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் 2020ஆம் ஆண்டு முதல், ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாத வாடகைக் கார்கள் பொதுமக்களை ஏற்றிச் செல்கின்றன என்ற செய்தி அதில் இருந்தது. நாளிதழை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் கணக்குப் படிக்கிறயே கண்ணு. இந்த மாதிரி வண்டி வந்தா எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா? சரி, அது போகட்டும். ரோட்டுல நெரிசலாவது குறையுமா?”

இரண்டு கேள்விகளுக்குமே எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் இரண்டாவது கேள்வி கணிதத்தைச் சார்ந்தது என்பதால் அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும் சக மாணவ மாணவியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் கேள்விக்கும் இறுதியில் வருகிறேன்.

பாவனைச் சோதனை என்றால் என்ன?

புதிய பாலம் கட்டும் முன் சிறிய மாதிரி செய்து பார்க்கலாம். ஆனால் நாட்டிலுள்ள கார்களை எல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க இயலாது. ஆகவே சாலையையும் ஊர்திகளையும் அவற்றின் ஓட்டத்தையும் சில விதிகளாகச் சுருக்கி, கணினிக்குள் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். ‘சிமுலேஷன்’ என்று வழங்கும் இதனை நாம் பாவனைச் சோதனை என்றே கூறுவோம். சிறு பிள்ளைகள் சொப்பு வைத்துச் சோறாக்குவது போன்றதுதான் இது. ஆனால் இங்கே விதிகள் கண்டிப்பானவை. விடை எண்ணாக வரும்.

இத்துறையில் மிக எளிமையான, ஆயினும் மிகப் புகழ்பெற்ற விதிகளை 1992இல் ஜெர்மனியைச் சேர்ந்த காய் நாகல், மைக்கேல் ஷ்ரெக்கன்பெர்க் என்னும் இருவர் வெளியிட்டனர். சாலையை 7.5 மீட்டர் நீளமுள்ள கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு காருக்கு மேல் இருக்கலாகாது. வேகம் என்பது ஒரு நொடியில் எத்தனை கட்டம் நகர்கிறது என்பதே. உச்ச வேகம் 5 கட்டம். ஒவ்வொரு நொடியும் எல்லாக் கார்களுக்கும் நான்கு விதிகள்:

1. உச்ச வேகத்தை எட்டாதிருந்தால் வேகத்தில் ஒன்றைக் கூட்டு.
2. முன்னால் காலியாக உள்ள கட்டங்களின் எண்ணிக்கையை விட வேகம் அதிகமானால், அந்த எண்ணிக்கைக்குக் குறைத்துக்கொள்.
3. எப்போதாவது, காரணம் ஏதுமின்றி, வேகத்தில் ஒன்றைக் குறை.
4. அவ்வேகத்திற்கேற்ப முன்னே செல்.

மூன்றாவது விதிதான் இதன் உயிர்நாடி. மனித மனத்தின் தயக்கம் அது. கைப்பேசி ஒலித்திருக்கலாம்; கண்ணில் தூசி விழுந்திருக்கலாம்; வெறுமனே கவனம் சிதறியிருக்கலாம். எதுவாயினும் அது ஒரு வாய்ப்பு நிகழ்வாகவே கணக்கில் சேர்க்கப்படுகிறது.

சமையலறைத் தரையில் ஒரு சாலை

கணினி வேண்டாம், கையாலேயே செய்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிறன்று துணிந்தேன். சதுரக்கட்டத் தாளில் 16 கட்டங்களை வட்டமாக இணைத்தேன். 16ஆம் கட்டத்தை அடுத்து மீண்டும் 1ஆம் கட்டம் வரும். ஐந்து புளியங்கொட்டைகளே கார்கள். அ, ஆ, இ, ஈ, உ என்று பெயரிட்டு, முறையே 1, 5, 8, 11, 14 ஆகிய கட்டங்களில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் தொடக்க வேகம் 2. ‘அ’வுக்கு முன்னால் 3 கட்டம் காலி; மற்றவற்றுக்கு 2 கட்டம் காலி.

முதல் நொடியில் ‘உ’ மட்டும் ஒரு முறை தயங்குவதாக வைத்துக்கொண்டேன். அதன் பிறகு எவரும் காரணமின்றித் தயங்கவில்லை. மற்ற மூன்று விதிகளின்படி மட்டுமே நகர்த்தினேன். ஒவ்வொரு நொடியும் வேகம் 1ஆகக் குறைந்த கொட்டை எது, அது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று குறித்து வந்தேன். கிடைத்த முடிவு இது:

முதல் நொடி – உ – 14ஆம் கட்டம்
இரண்டாம் நொடி – ஈ – 13ஆம் கட்டம்
மூன்றாம் நொடி – இ – 12ஆம் கட்டம்
நான்காம் நொடி – ஆ – 11ஆம் கட்டம்
ஐந்தாம் நொடி – அ – 10ஆம் கட்டம்
ஆறாம் நொடி – மறுபடியும் உ – 9ஆம் கட்டம்

கட்டங்களின் எண்களைக் கவனியுங்கள். கொட்டைகள் எல்லாம் முன்னோக்கிச் செல்கின்றன. தயக்கமோ நொடிக்கு ஒரு கட்டம் வீதம் பின்னோக்கிச் செல்கிறது! நொடிக்கு 7.5 மீட்டர் என்றால் மணிக்கு 27 கிலோமீட்டர். ‘உ’ தான் செய்த தவறை மறந்து முன்னே ஓடிவிட்டது. ஆனால் அத்தவறு வட்டத்தைச் சுற்றிவந்து அதன் வேகத்தையே மீண்டும் குறைத்துவிட்டது. மேலும் சில நொடிகள் நகர்த்திப் பார்த்தேன், அலை ஓயவில்லை.

பிறகு தயக்க விதியையும் சேர்க்க விரும்பி, பாட்டியின் தாயக்கட்டைகளில் ஒன்றை எடுத்து ஒவ்வொரு கொட்டைக்கும் உருட்டினேன். 1 விழுந்தால் தயக்கம். சிறிது நேரத்தில் இரண்டு தயக்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கொட்டை முற்றிலுமாக நின்றுபோயிற்று. அதன் பின்னே வந்ததும் நின்றது. விபத்து இல்லை, சிக்னல் இல்லை, மாடு குறுக்கே வரவில்லை. ஆயினும் நெரிசல்!

நெடுஞ்சாலையில் நாம் பேருந்தில் வரும்போது, ஓரிடத்தில் வண்டிகள் எல்லாம் நின்று நின்று ஊர்கின்றன. ஏதோ விபத்து என்று எட்டிப் பார்க்கிறோம். சற்று நேரத்தில் சாலை தானாகத் திறந்துகொள்கிறது. அங்கே ஒன்றுமே நடந்ததற்கான தடயம் இல்லை. அத்தகைய நெரிசலுக்கு எங்கோ முன்னால் சென்ற ஒருவர் காலை மணியில் ஒரு கணம் பிரேக்கைத் தொட்டதே போதும் காரணமாக இருக்க.

களத்தில் நடந்த சோதனைகள்

“கொட்டையை வைத்து விளையாடி நாட்டு நடப்பைச் சொல்லிவிட முடியுமா?” என்று வாசகர் வினவலாம். நியாயமான கேள்வி. ஜப்பானில் யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 உண்மையான கார்களை விட்டனர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லுமாறு ஓட்டுநர்களிடம் கூறினர். சிறிது நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு எந்தக் காரணமும் இன்றி நெரிசல் முளைத்து, மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. இம்முடிவு 2008இல் வெளியாயிற்று. காகிதத்தில் கண்டது கார்களிலும் கண்கூடாயிற்று.

இனி நம் கதாநாயகன் மேடைக்கு வரலாம். அரிசோனா மாநிலம் டூசான் நகரில் இதே போன்றதொரு வட்டத்தில், இம்முறை 260 மீட்டர் சுற்றளவில், இருபதுக்குச் சற்று மிகையான கார்களை ஓட்டினர். அவற்றுள் ஒன்றே ஒன்று மட்டும் தானோட்டிக் கார். நெரிசல் அலை உருவான பின் அந்த ஒற்றைக் காரின் தானியங்கி ஓட்டத்தை இயக்கினர். அது முன்காரைத் துரத்தவில்லை; சராசரி வேகத்தைக் கணித்து அதிலேயே நிதானமாகச் சென்றது. அலை அடங்கிவிட்டது! எல்லாக் கார்களின் எரிபொருட் செலவும் சேர்ந்து 40 விழுக்காடு வரை குறைந்தது. இம்முடிவு 2018இல் வெளிவந்தது. 2022 நவம்பரில் நாஷ்வில் நகரத்து நெடுஞ்சாலையிலேயே இத்தகைய 100 கார்களை ஓட்டி இக்கருத்தைச் சோதித்தனர்.

வெள்ளைக் கொட்டை

இதைப் படித்தவுடன் மீண்டும் தரையில் அமர்ந்தேன். ‘அ’ என்னும் கொட்டைக்குச் சுண்ணாம்பு தடவி வெள்ளையாக்கினேன். அதற்கு மட்டும் ஒரு தனி விதி: முன்னால் 3 கட்டம் காலியாக இருந்தாலும் வேகம் 2க்கு மேல் போகாதே, மூன்றாவது கட்டத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்.

பழையபடி ‘உ’ தயங்கிற்று. இரண்டாம் நொடி ‘ஈ’, மூன்றாம் நொடி ‘இ’, நான்காம் நொடி ‘ஆ’. ஐந்தாம் நொடியில் அலை வெள்ளைக் கொட்டையை வந்தடைந்தது. கையிருப்பில் இருந்த ஒரு கட்டம் செலவாயிற்று, வேகமோ குறையவில்லை. ஆறாம் நொடி முடிவில் ‘ஆ’ சற்று விரைந்து முன்னேற, அந்தக் கட்டமும் திரும்பக் கிடைத்தது. ஐந்து கொட்டைகளும் தொடக்கத்தில் இருந்த அதே இடைவெளிகளுடன் ஓடின. அலை மடிந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெற்றிக் களிப்பில் மொத்த ஓட்டத்தையும் கூட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கொட்டை இல்லாதபோது, அலை சுற்றிக்கொண்டிருந்த நிலையிலும், ஐந்தும் சேர்ந்து நொடிக்கு 11 கட்டம் நகர்ந்தன. வெள்ளைக் கொட்டை வந்த பிறகு 10 கட்டம்தான்! அதாவது சராசரி வேகம் மணிக்கு 59.4 கிலோமீட்டரிலிருந்து 54ஆகக் குறைந்துவிட்டது. என் உற்சாகம் வடிந்துபோயிற்று. தாளை அப்பாவிடம் காட்டினேன்.

அவர் தாளை உற்றுப் பார்த்தார். “முன்னாடி ஒவ்வொரு வண்டியும் என்ன ஸ்பீடுல போச்சு?” என்று கேட்டார். 27க்கும் 81க்கும் இடையே ஏறி இறங்கியது என்றேன். “இப்ப?” எல்லாம் 54இலேயே போகின்றன என்றேன்.

“அப்புறம் என்ன கண்ணு? அஞ்சு கிலோமீட்டருக்காக எத்தனை தடவை பிரேக்கு, எத்தனை தடவை கியரு! டெப்போவுல எங்க கே.எம்.பி.எல். பார்ப்பாங்க தெரியுமா? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுனேன்னு. முன்னாடி போற வண்டியையே பார்த்து ஓட்டுனா பிரேக் கட்டைதான் தேயும். அதுக்கும் முன்னாடி போற வண்டியப் பார்க்கணும். கொஞ்சம் இடம் விட்டுப் போகணும். நின்னுட்டு வர்ற பாட்டிங்க விழாம இருக்கணும் இல்ல?”

கணக்கு எனக்குச் சொல்லாததை அவர் சொன்னார். வேகம் வேண்டுமா, சீரான ஓட்டம் வேண்டுமா என்று நான் முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. பாவனைச் சோதனை நாம் எதைக் கேட்கிறோமோ அதற்குத்தான் விடை தரும். எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தராது.

தானோட்டி என்றாலே நன்மையா?

அடுத்து ஓர் ஐயம். ஓட்டுநர் இல்லை என்பதாலேயே நெரிசல் குறைந்துவிடுமா? இல்லை என்பதே ஆய்வுகள் தரும் விடை. முன்காருடன் உள்ள தூரத்தைத் தானே அளந்து வேகத்தைச் சரிசெய்யும் கருவி பொருத்திய கார்கள் ஏற்கனவே சந்தையில் உள்ளன. அமெரிக்காவில் அத்தகைய 7 வகைக் கார்களைச் சாலையில் சோதித்தனர். ஏழுமே அலையைத் தணிப்பதற்கு மாறாகப் பெரிதாக்கும் தன்மை உடையவை என்று கண்டனர். முதற்கார் சிறிது வேகம் குறைத்தால், பின்கார் இன்னும் சற்று அதிகமாகக் குறைக்கிறது. அதற்கும் பின்னால் வருவது அதைவிட அதிகமாக. ஆக, இயந்திரம் ஓட்டுகிறதா, மனிதர் ஓட்டுகிறாரா என்பதன்று முக்கியம். எந்த விதிப்படி ஓட்டுகிறது என்பதே முக்கியம்.

கலிபோர்னியாவில் ஸ்டீவன் ஷ்லாடோவர் குழுவினர் 2012இல் வெளியிட்ட பாவனைச் சோதனையும் இதனை உறுதி செய்கிறது. நெடுஞ்சாலையின் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 2,000 கார்கள் செல்லலாம், அதாவது 1.8 நொடிக்கு ஒன்று. தூரம் அளக்கும் கருவி மட்டும் இருந்தால் இந்த எண் பெரிதாக மாறவில்லை. கார்கள் வானொலி அலை மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, எல்லாக் கார்களுமே அவ்வாறு இருந்தால், அது ஏறத்தாழ 4,000 ஆகிறது. முன்னவர் பிரேக்கைத் தொடும் செய்தி பின்னவருக்கு அக்கணமே தெரிந்துவிடுவதால் இடைவெளியைப் பாதியாக்க முடிகிறது.

எத்தனை வண்டிகள்?

இதுவரை சொன்ன சோதனைகளில் எல்லாம் கார்களின் எண்ணிக்கையை நாமே முடிவு செய்துகொண்டோம். ஐந்து கொட்டை என்றால் ஐந்துதான். உண்மை உலகில் அப்படியில்லை. சாலை சுகமானால் கூட்டம் வரும்.

சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இதைச் சோதிக்க ஓர் அழகிய உபாயம் செய்தனர். தானோட்டிக் கார் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆகவே 13 பேருக்கு ஒரு வாரத்தில் 60 மணி நேரம் இலவசமாக ஓட்டுநரை அமர்த்திக் கொடுத்தனர். கார் தானே ஓடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள் என்றனர். இதுவும் ஒரு பாவனைதான், கணினிக்குப் பதிலாக மனிதரை வைத்து! 2018இல் வெளியான முடிவின்படி அவர்களுடைய கார்கள் ஓடிய தூரம் 83 விழுக்காடு கூடிவிட்டது. ஆளே ஏறாமல் காரை மட்டும் வேலைக்கு அனுப்பிய பயணங்களும் அதில் அடங்கும்.

2015இல் பன்னாட்டுப் போக்குவரத்து மன்றம் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரைக் கணினியில் அமைத்துப் பார்த்தது. தனியார் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் பதிலாகத் தானோட்டிக் கார்கள் மட்டுமே இருந்தால் என்ன ஆகும்? மெட்ரோ ரயில் ஓட, பலர் ஒரே காரைப் பகிர்ந்துகொண்டால், பத்துக் கார்களில் ஒன்பது தேவைப்படாது. எனினும் கார்கள் ஓடும் மொத்தத் தூரம் 6 விழுக்காடு கூடும். மெட்ரோவும் இன்றி, ஒருவருக்கு ஒரு கார் என்று அடுத்தடுத்து ஏற்றிச் சென்றால், அத்தூரம் 89 விழுக்காடு கூடும். ஒரே ஊர், ஒரே தொழில்நுட்பம். மக்கள் சேர்ந்து செல்கிறார்களா, தனித்துச் செல்கிறார்களா என்பதில்தான் இவ்வளவு வேறுபாடும்.

நம் சாலைக்கு இது பொருந்துமா?

வெள்ளைக் கொட்டையின் கையிருப்புக் கட்டத்தைக் கண்டு அப்பா சிரித்தார். “இவ்வளவு இடம் விட்டா நம்ம ஊருல ரெண்டு பைக்கு பூந்துரும்!” என்றார். உண்மைதான். நாகல்–ஷ்ரெக்கன்பெர்க் விதிகளில் ஒருவர் பின் ஒருவராகத் தடத்தில் செல்வதே வழக்கம். நம் சாலையிலோ பேருந்து, லாரி, ஆட்டோ, மொபெட், மிதிவண்டி எல்லாம் கிடைத்த இடத்தில் நுழைந்து செல்கின்றன.

இதற்கென்றே சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தமிழரசன் குழுவினர் தனியொரு பாவனை முறையை உருவாக்கினர். சாலையைத் தடங்களாகப் பிரிக்காமல் முழு அகலத்தையும் ஒரே பரப்பாகக் கொண்டு, 10 சென்டிமீட்டர் அளவுள்ள நுண்கட்டங்களாக்கி, ஒவ்வொரு ஊர்தியையும் அதனதன் நீள அகலத்துக்கேற்ற செவ்வகமாக அதில் ஓடவிட்டனர். நம் சாலையைப் பற்றி எந்தத் தீர்ப்புக் கூறுவதாயினும் இவ்வாறு நம் ஊர்திகளையும் நம் பழக்கங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஐரோப்பியத் தடத்தின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பது, பிறர் அளவுச் சட்டையை நாம் அணிந்துகொள்வதை ஒக்கும்.

முடிவாக

என் தந்தையாரின் இரண்டாம் கேள்விக்கு நான் சொன்ன விடை இது: தானோட்டி ஊர்தி நிதான விதியுடன் வந்தால் காரணமற்ற நெரிசல் குறையும். ஆளுக்கொன்றாக வந்தால் எந்த விதியாலும் சாலை தாங்காது.

முதல் கேள்விக்கு என்னிடம் எண் இல்லை. ஆனால் தாளில் இருந்து இரண்டு செய்திகளைச் சொன்னேன். அறிஞர்கள் பல ஆண்டு முயன்று அந்த ஒற்றைக் காருக்குக் கற்பித்தது, இடம் விட்டுச் சீராகச் செல் என்பதை. அதை அவர் 26 ஆண்டுகளாகச் செய்து வருகிறார். மற்றொன்று, ஐம்பது பேரை ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் பேருந்தைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டால் எந்தத் தானோட்டியாலும் அந்த இடத்தை ஈடுசெய்ய முடியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைக் கொட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு முதல் டிரிப்புக்குப் புறப்பட்டுச் சென்றார்.

நண்பர்களே! ஜெர்மனியில் 2001 முதல் உருவாகி வரும் ‘சூமோ’ என்னும் போக்குவரத்துப் பாவனை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம் கல்லூரிக் கணினி அறையிலேயே அதை இயக்கலாம். நம் ஊர்ச் சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்று, போகும் வண்டிகளை வகைவாரியாக எண்ணி, அதில் இட்டுப் பார்க்க யார் முன்வருகிறீர்கள்? கணினி இல்லையே என்று கவலைப்படுவோர்க்கு, எங்கள் வீட்டில் புளியங்கொட்டைகள் நிறைய உண்டு.